காவலா? காட்சியா?

(தலைப்பு: நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கேட்கும் கேள்வி மக்களுக்குக் காவலா? வெறும் காட்சியா? 'காவலே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)

தீர்ப்பை ஏற்கெனவே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர் போலப் புன்னகை செய்துகொண்டிருக்கும் நடுவர் ஐயா அவர்களே! (சிரிப்பு) எனக்கு முன்னால் பேசி, நான் பேச வேண்டியதில் பாதியைப் பேசிவிட்டுப் போன எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, இப்போதே பேப்பரில் ஏதோ குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட அருமை நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நேயர்களே! 

எங்கள் அணியில் ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது அயர்லாந்து. வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவர், "அயர்லாந்தா? அங்கே என்ன இருக்கு? உருளைக்கிழங்கும் மழையும்தானே இருக்கு?" என்றார். (சிரிப்பு) நான் சொன்னேன், "அப்படிச் சொல்லாதீங்க. நம்ம நாட்டு அரசியல் சட்டத்துல அரசுக்கு வழிகாட்டு நெறிகள்னு ஒரு பகுதி இருக்கே, அது அயர்லாந்தின் 1937-ம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்து எடுத்துக்கிட்டது." அப்புறம் அவர் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் அறிவு இல்லீங்க, டீ ஆறிப்போச்சு. (சிரிப்பு)

ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் உள்ள சின்ன நாடு. அங்கே மக்கள் சபைக்குப் பெயர் டாயில். பிரதமரைப் பிரதமர் என்று கூப்பிடமாட்டார்கள், டீஷக் என்பார்கள். தலைவன் என்று பொருள். சபாநாயகருக்குப் பெயர் கியான் கோர்லா. எனக்கு இந்த மூன்று பெயரும் வாயில் நுழைய மூன்று நாள் ஆச்சு. டப்ளின் நகரத்தில் லென்ஸ்டர் இல்லம் என்று 18-ம் நூற்றாண்டில் ஒரு பிரபு கட்டிய மாளிகை. அதில்தான் சபை கூடுகிறது. 1919 ஜனவரி 21-ந் தேதி டப்ளின் மேயர் மாளிகையில் முதல் டாயில் கூடியபோது, அவர்களுக்கு நாடே கைக்கு வரவில்லை. இங்கிலாந்துக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். நாடு வருவதற்கு முன்னாலேயே சபையைக் கூட்டிவிட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "எழுதி வைத்த கேள்வி, எழுதி வைத்த பதில், இரண்டு பேரும் ஒப்பிக்கிறார்கள், இது பள்ளி ஆண்டு விழா நாடகம்" என்றார். ஐயா, அயர்லாந்தில் தலைவர்கள் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் பிரதமரே வந்து நிற்க வேண்டும். வியாழக்கிழமை துணைப் பிரதமர். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து மூன்று நிமிடம் கேட்கலாம். பிரதமர் மூன்று நிமிடம் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் துணைக் கேள்விக்கு ஒரு நிமிடம், துணைப் பதிலுக்கு ஒரு நிமிடம். இதில் முக்கியமானது என்ன தெரியுமா? எதைப்பற்றிக் கேட்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாததைக் கேட்கலாம், வீட்டு வாடகையைக் கேட்கலாம், ரோட்டைக் கேட்கலாம். பரீட்சைக்குப் பாடத்திட்டமே கிடையாதுங்க!

அதிகாரிகள் என்ன செய்வார்கள் பாவம், இன்றைக்கு எது வரும் என்று யூகம் பண்ணி, பிரதமர் கையில் ஒரு கட்டு காகிதம் கொடுத்து அனுப்புவார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது பத்து கேள்வி 'முக்கியம்' என்று மடக்கி வைத்துக்கொண்டு போகிற மாதிரி. நண்பர் அவர்களே, ஒருத்தன் ஒப்பிக்கிறானா, திணறுகிறானா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அது தெரிவதற்காகத்தான் நிற்க வைக்கிறார்கள்.

(நடுவர்: நீங்க எழுதி வச்சுத்தான் பேசறீங்க போலிருக்கு!)

எழுதித்தான் வச்சிருக்கேன் ஐயா. கண்ணாடியை வீட்டில் மறந்துட்டு வந்துட்டேன். (பலத்த சிரிப்பு)

கேள்வி என்றால் காரசாரமாக இருக்கும்தான். ஆனால் அங்கே சொல்லக்கூடாத வார்த்தை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பொய்யர் என்று சொல்லக்கூடாது. கோழை என்று சொல்லக்கூடாது. கோமாளி கூடாது. எலி கூடாது! எலிங்க! 2009 டிசம்பரில் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஓர் உறுப்பினர், பொறுக்க முடியாமல், "மிகுந்த மரியாதையோடு" என்று ஆரம்பித்து, எதிர்க்கட்சி உறுப்பினரைப் பார்த்து நான் இந்த மேடையில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் பட்டியலைப் புரட்டினார்கள். அந்த வார்த்தை மட்டும் பட்டியலில் இல்லை! (சிரிப்பு) எலியைத் தடுத்தவர்கள் புலியை விட்டுவிட்டார்கள்.

சரி, காட்சி என்றீர்களே, நல்ல காட்சி ஒன்று நானே சொல்கிறேன். 1927 ஆகஸ்ட் 16. காஸ்கிரேவ் என்பவர் தலைமையில் அரசாங்கம். சபையில் எதிர்க்கட்சி வரிசைக்குத் தலைமை தாங்கியவர் தொழிற்கட்சியின் தாமஸ் ஜான்சன். அவர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறார். அதுவரைக்கும் சபைக்கே வராமல் இருந்த டி வலேரா சில நாள் முன்னால்தான் தன் ஆட்களோடு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்சி ஒரு ஓட்டில் போய்விடும். வாக்கெடுப்பு மணி அடிக்கிறது. ஒரு ஆளைக் காணோம்!

ஸ்லைகோ ஊரைச் சேர்ந்த ஜான் ஜிங்க்ஸ். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவர். தேடுகிறார்கள். ஆள் எங்கே? ரயிலில்! ஊருக்குப் போகிற ரயிலில் ஏறிப் போய்விட்டார். எண்ணிப் பார்த்தால் 71-க்கு 71. சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டு அரசாங்கத்தைக் காப்பாற்றினார். பிரையன் கூப்பர் என்ற உறுப்பினரும் ஒரு பத்திரிகைக்காரரும் சேர்ந்து ஜிங்க்ஸை நன்றாக உபசரித்து, சந்தோஷமாக்கி, ரயிலேற்றி அனுப்பினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜிங்க்ஸ், "அதெல்லாம் இல்லை, நானாகத்தான் போனேன்" என்றார். கல்யாண வீட்டில் சண்டை வரும்போது நம்ம சித்தப்பா ஒருத்தர் சத்தமில்லாமல் பஸ் ஏறிவிடுவாரே, அந்த மாதிரி. (சிரிப்பு) பிறகு அவர் பெயரையே ஒரு பந்தயக் குதிரைக்கு வைத்தார்கள். 'மிஸ்டர் ஜிங்க்ஸ்'. அந்தக் குதிரை 1929-ல் இங்கிலாந்தில் பெரிய பந்தயத்தில் ஜெயித்தது. ஓடுகிறவன் பெயரை வைத்தால் குதிரை ஓடாமல் என்ன செய்யும்? (கைதட்டல், சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. அந்தக் கூப்பர் இறந்த பிறகு அவர் மனைவி 1931-ல் சபைக்கு ஒரு மணியைப் பரிசாகக் கொடுத்தார். சபாநாயகர் கூச்சலை அடக்க அடிப்பது அந்த மணிதான். எதிர்க்கட்சி ஓட்டை ரயிலேற்றினார் என்று பேர் வாங்கியவர் வீட்டு மணி, எதிர்க்கட்சிக்காரன் வாயை அடைக்கிறது!

(நடுவர் மணியைத் தொட்டுக் காட்டுகிறார். சிரிப்பு)

ஐயா, உங்க மணியை நான் ஒண்ணும் சொல்லலையே!

எதிரணித் தலைவர் உடனே குறிப்பெடுக்கிறார். "பார்த்தீர்களா, கேள்வி தோற்றது, ரயில் ஜெயித்தது" என்று சொல்லப் போகிறார். ஆமாம், அன்றைக்குத் தோற்றதுதான். அடுத்த மாதமே காஸ்கிரேவ் தேர்தலுக்குப் போனார். அதில் திரும்பி வந்தார். தீர்மானம் கொண்டுவந்த ஜான்சன் தன் தொகுதியிலேயே தோற்றுப்போனார். கேட்டவனுக்குப் பரிசு கிடைக்கும் என்று நான் சொல்லவே இல்லையே. காவல்காரனுக்கு யார் மாலை போடுகிறார்கள்? திருடு போனால்தான் அவன் ஞாபகம் வரும்.

இன்னொன்று, இது தாய்மார்களுக்காக. 1982 ஜனவரி 27. காரட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிரதமர். பெரிய பொருளாதார அறிஞர், பேராசிரியர். நிதியமைச்சர் ஜான் ப்ரூட்டன் பட்ஜெட் வாசிக்கிறார். குழந்தைகள் காலணிக்கும் விற்பனை வரி! ஏன் ஐயா குழந்தைகள் செருப்புக்கு வரி என்றால் ஒரு காரணம் சொன்னதாக அங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சில பெண்களுக்குச் சின்னப் பாதமாம். அவர்கள் வரி கட்டாமல் தப்பிக்க, குழந்தைகள் காலணியை வாங்கிப் போட்டுக்கொள்வார்களாம்! (பலத்த சிரிப்பு) எத்தனை பெரிய படிப்புப் படித்தாலும் ஆண்பிள்ளைக்குப் பெண்கள் செருப்பு வாங்குவது மட்டும் புரியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? சின்ன செருப்பு வாங்கி மிச்சம் பிடிக்கிற பெண் யாராவது இந்தச் சபையில் இருக்கிறீர்களா? (பெண்கள் பகுதியிலிருந்து கைதட்டல்)

அன்று இரவே வாக்கெடுப்பு. லிமரிக் ஊர் சுயேச்சை உறுப்பினர் ஜிம் கெம்மி எதிர்த்துப் போட்டார். 82-க்கு 81. ஒரே ஓட்டு. அரசாங்கம் கவிழ்ந்தது. கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் தப்பித்திருக்கலாம். சபையில், எதிரில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, நின்று வாசித்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததே, அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

சிரித்தது போதும். இப்போது நான் சொல்லப் போவது என் கட்சியின் பெரிய சாட்சி. 1987, 88-ல் அயர்லாந்திலிருந்து ஈராக்குக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி. வாங்கினவன் பணம் தராமல் போனால் அரசாங்கம் தரும் என்று ஏற்றுமதிக் காப்புறுதி. அரசாங்கம் என்றால் யார் பணம்? ஊர்ப் பணம். அந்தக் காப்புறுதியில் பெரும் பகுதி ஒன்றிரண்டு கம்பெனிகளுக்கே போனது. அப்படி அனுப்பிய இறைச்சியில் ஒரு பங்கு அந்த நாட்டு மாடே இல்லை, வெளியிலிருந்து வந்தது! 1989-ல் ஒரு எதிர்க்கட்சியின் தலைவரான தேஸ் ஓ'மாலியும், தொழிற்கட்சிக்காரர்களும் சபையில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். யாருக்கு எவ்வளவு? எதை வைத்துக் கொடுத்தீர்கள்? பதில் என்ன வந்தது? நழுவல். சுற்றி வளைத்தல். கேட்டது கிழக்கு, சொன்னது மேற்கு.

எங்கள் வீட்டிலும் ஒரு எதிர்க்கட்சித் தலைவர் இருந்தார். என் மாமியார். என் கணவர் ஒரு சீட்டு கட்டிவந்தார். மாதாமாதம் ராத்திரி சாப்பிடும்போது அத்தை கேட்பார்கள், "டேய், சீட்டுக்காரன் ரசீது குடுத்தானாடா?" இவர், "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கே" என்பார். (சிரிப்பு) அடுத்த மாதம், "ரசீதை எங்கடா வச்சிருக்கே?" "அம்மா, மாத்திரை சாப்பிட்டியா?" மந்திரி பதில்! நானும் அத்தையைப் பார்த்து, இந்தக் கிழவிக்கு வேற வேலை இல்லையா என்று மனசுக்குள் நினைத்தவள்தான். பதினோராவது மாதம் சீட்டுக்காரர் வீட்டில் பூட்டு. அந்தப் பணம் எங்கள் பெரிய பெண்ணின் காலேஜ் சேர்க்கைக்கு வைத்தது. என் வளையல் போய்த்தான் அவள் படித்தாள். அன்றைக்கு அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல் மாசம் கேட்டப்பவே இல்லைன்னு சொல்லியிருந்தா, நானே போய் வாசல்ல உட்கார்ந்திருப்பேனேடா" என்றார்கள். அவ்வளவுதான்.

இதையேதான் அயர்லாந்தில் ஒரு நீதிபதி சொன்னார். 1991-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று இந்த இறைச்சி விவகாரத்தைப் படம் பிடித்து வெளியிட்டது. நாடு கொதித்தது. நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் விசாரணை மன்றம். 200 நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 1994-ல் அறிக்கை வந்தபோது 900 பக்கத்துக்கு மேல். அந்த விசாரணையின் நடுவே அவர் சொன்னார்: இங்கே பதில் சொல்கிற மாதிரி சபையிலேயே அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால், இந்த விசாரணைக்கே தேவை இருந்திருக்காது, எவ்வளவோ பணமும் நேரமும் மிச்சமாகியிருக்கும் என்று. (கைதட்டல்) எதிரணி நண்பரே, கேள்வி வெறும் காட்சி என்றால், அதற்குப் பதில் சொல்லாமல் போனதற்கு இத்தனை கோடி எப்படிச் செலவாகும்?

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட ஓ'மாலி, அதே 1989-ல் தேர்தல் முடிந்ததும் யாரைக் கேட்டாரோ அவர்களோடேயே கூட்டணி சேர்ந்து மந்திரி ஆகிவிட்டார். மூன்று வருஷம் ஒரே பந்தியில் சாப்பாடு. பிறகு 1992-ல் விசாரணை மன்றத்தில் போய்த் தன் பிரதமர் ரெனால்ட்ஸ் செய்தது தவறு என்று சாட்சி சொன்னார். ரெனால்ட்ஸ் அவரை நேர்மையற்றவர் என்றார். கூட்டணி உடைந்தது. இத்தனைக்கும் பிறகு வழக்குப் பாய்ந்தது யார் மேல் தெரியுமா? படம் எடுத்த பத்திரிகைப் பெண்மணி மேல். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள், சொல்ல மாட்டேன் என்றார். 1995-ல் விடுதலையானார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கசப்பாகத்தான் சொல்கிறேன்.

(நடுவர்: அம்மா, இப்ப நீங்க எந்த அணி?)

காவல் அணிதான் ஐயா. காவல்காரனும் சில நாள் தூங்குவான், அதையும் நானே சொல்லிவிட்டால் எதிரணிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது பாருங்க! (சிரிப்பு)

கடைசியாக ஒன்று. இதற்குக் கைதட்ட வேண்டாம்.

அயர்லாந்தில் மக்தலேன் சலவை இல்லங்கள் என்று இருந்தன. கன்னியாஸ்திரீ மடங்கள் நடத்தியவை. கல்யாணமாகாமல் தாயான பெண், அனாதைப் பெண், வீட்டுக்குப் பாரமான பெண், சும்மா துடுக்காகப் பேசிய பெண்கூட. அவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள். தலைமுடியை வெட்டுவார்கள், பெயரை மாற்றுவார்கள். ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, ராணுவத் துணி எல்லாம் துவைக்க வேண்டும். கூலி கிடையாது. கதவு பூட்டியிருக்கும். தப்பி ஓடினால் போலீசே பிடித்துக்கொண்டு வந்து விடும். நாடு தனியானதும் 1922-லிருந்து எண்ணினால் சுமார் 10,000 பெண்கள். கடைசி இல்லம் டப்ளினில் மூடியது எப்போது? 1996-ல். நம்ம வீட்டில் கலர் டி.வி. வந்த பிறகு!

1993-ல் டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தை விற்றது. அதில் இந்தப் பெண்களைப் புதைத்த இடமும் இருந்தது. 133 உடல்களை எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் இன்னும் 22 இருந்தது. எண்ணிக்கையே தெரியாமல் புதைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான். அரசாங்கம் மன்னிப்புக் கேட்கட்டும். வந்த பதில், அது தனியார் மடம், அரசுக்குச் சம்பந்தமில்லை. 2009-ல் ஓர் உறுப்பினருக்குக் கல்வி அமைச்சர் எழுதிய கடிதத்தில் அந்தப் பெண்களை 'முன்னாள் ஊழியர்கள்' என்று எழுதினார். ஊழியரா? ஊழியர் என்றால் சம்பளம் எங்கே ஐயா? சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ஊழியர் எங்கே? அந்தச் சொல்லுக்காக அவர் பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது.

2013 பிப்ரவரி 5. அரசே அமைத்த குழுவின் அறிக்கை வெளிவருகிறது. உள்ளே போனவர்களில் கால் பங்குக்கு மேல் அரசாங்கத்தின் கை வழியாகத்தான் போயிருக்கிறார்கள் என்று எழுத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு டாயிலில் பிரதமர் எண்டா கென்னி எழுந்தார். அந்தச் சூழ்நிலையில் வாழ நேர்ந்தவர்களுக்காக வருந்துகிறேன் என்ற அளவில் பேசினார். எதிரே மீஹால் மார்ட்டின் எதிர்க்கட்சித் தலைவர். அந்தப் பக்கம் ஷின் ஃபேன் கட்சியின் மேரி லூ மக்டொனால்ட், இந்தப் பெண்களுக்காக வருஷக்கணக்கில் பேசிவந்தவர். விடவில்லை. அரசாங்கத்தின் சார்பில் முழு மன்னிப்பு எங்கே? எப்போது? சபைக்கு வெளியே அந்த மூதாட்டிகள், உள்ளே இவர்கள்.

14 நாள். பிப்ரவரி 19 சாயங்காலம். மேலே பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நரைத்த தலை, கைத்தடி. அதே பிரதமர் எழுந்தார். அரசின் சார்பில், மக்களின் சார்பில், நிபந்தனை இல்லாமல் மன்னிப்புக் கேட்டார். பேச்சு முடியும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் எழுந்து நின்று மாடத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். மாடத்திலிருந்து அந்தப் பெண்கள் திருப்பிக் கைதட்டினார்கள்.

(அவையில் அமைதி)

எதிரணி நண்பர் கேட்பார், எனக்குத் தெரியும். "மார்ட்டின் கட்சிதானே 1997-லிருந்து 2011 வரை 14 வருஷம் ஆண்டது? அப்போது ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை? அந்த 'ஊழியர்' கடிதம் எழுதியதும் அவர் கட்சி அமைச்சர்தானே?" ஆமாம். அப்படித்தான். ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்தபோது காது கேட்கவில்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் வந்தது. நான் அந்த மனிதருக்காக வாதாட இங்கே வரவில்லை. அந்த எதிர் நாற்காலிக்காக வாதாடுகிறேன். அதில் யாரை உட்கார வைத்தாலும் கேட்க வைக்கிறது பாருங்கள், அதுதான் காவல். (பலத்த கைதட்டல்)

அதே மார்ட்டின் 2020-ல் பிரதமரானார். எதிரில் யார் எதிர்க்கட்சித் தலைவர்? அதே மேரி லூ மக்டொனால்ட். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அன்றைக்குப் பக்கத்து வரிசையில் இருந்து கேட்டவர், இப்போது இவரையே நிற்க வைத்துக் கேட்டார்.

இன்னும் ஒரே நிமிஷம் ஐயா. 2025 ஜனவரி 22. தேர்தல் முடிந்து மார்ட்டினை மறுபடி பிரதமராகத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். சபையில் 174 பேர். ஆனால் அன்றைக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. சபையை மறுபடி மறுபடி ஒத்திவைத்தார்கள். என்ன சண்டை? மந்திரி பதவிச் சண்டையா? இல்லை. கேள்வி கேட்கும் நேரத்துக்குச் சண்டை! அரசாங்கத்தை ஆதரிக்கிறோம் என்று ஒப்பந்தம் போட்ட சுயேச்சைகளில் சிலர், எதிர்க்கட்சிக்குரிய நேரத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். பெண் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தாம்பூலமும் கேட்கிற கதை! (சிரிப்பு) எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாக நின்று விடமாட்டோம் என்றன. மறுநாள்தான் பிரதமர் தேர்வு நடந்தது. மார்ச்சில் அரசு விதியை மாற்றியபோது மறுபடி அமளி. ஏப்ரல் 1-ந் தேதி சபாநாயகர் மீதே நம்பிக்கை வாக்கெடுப்பு, 96-க்கு 71 என்று அவர் தப்பினார்.

வெறும் காட்சிக்காகவா ஒரு நாட்டில் பிரதமர் பதவியேற்பையே ஒரு நாள் தள்ளிப்போட வைப்பார்கள்? பயனில்லாத நாற்காலி என்றால் அதில் பங்கு கேட்டு ஆளுங்கட்சித் தோழர்கள் ஏன் வருகிறார்கள்? எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். சாம்பாரில் உப்புக் கம்மி என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்! (சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

அடிச்சிட்டாங்க. இது கூப்பர் வீட்டு மணி இல்லை, நம்ம நடுவர் ஐயா மணி, அதனால் கட்டுப்படுகிறேன். 

(கைதட்டல்)